நீச்சல் குளத்துக்கு மறுபூச்சு: இப்போதா, அப்புறமா, எதைப் பூசுவது?

நீந்திவிட்டு ஏறிய பையன் கால் கட்டைவிரலைக் காட்டினான். அடிப்பக்கம் தோல் வழன்று சிவந்திருந்தது. அன்றைக்குத்தான் எங்கள் குளத்தின் தரையை முதல்முறையாகக் கையால் தடவிப் பார்த்தேன். உப்புத்தாள் மாதிரி இருந்தது.

அடுத்த இரண்டு வாரத்தில் மூன்று கொட்டேஷன் வாங்கினேன், மூன்றிலும் மூன்று யோசனை. ஒருவர் பெயிண்ட் போதும் என்றார். இன்னொருவர் எல்லாவற்றையும் கொத்திவிட்டு டைல்ஸ் ஒட்டச் சொன்னார். மூன்றாமவர், இப்போதெல்லாம் கூழாங்கல் பூச்சுதான் என்று முடித்துவிட்டார். மூவரும் முதலில் விரித்தது கலர் கேட்லாக். குளத்துக்குள் இறங்கிச் சுத்தியலால் ஒரு தட்டு தட்டிப் பார்த்தவர் யாருமில்லை. எனக்கும் அப்போது விவரம் பத்தாது. செலவு குறைவென்று பெயிண்ட்டுக்குத் தலையாட்டினேன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். அதில் பட்ட பாட்டில் தெரிந்துகொண்டது இதுதான்: எதைப் பூசுவது என்ற கேள்வி கடைசியில் வர வேண்டியது. பழைய பூச்சு நிஜமாகவே செத்துவிட்டதா, அடியில் இருக்கும் கான்கிரீட் எப்படி இருக்கிறது, தண்ணீரை நாம் எவ்வளவு ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறோம் என்ற மூன்றுக்கும் பதில் கிடைத்தால், பூச்சு பாதி தானாகவே முடிவாகிவிடும்.

பூசத்தான் வேண்டுமா?

பார்க்க அசிங்கமாக இருப்பது வேறு, கெட்டுப்போவது வேறு. வெறும் கறைக்காகக் குளத்தைக் கொத்திப் போடுவது வீண்செலவு. கறை எதனால் வந்தது என்று தெரிந்துகொள்ள மருந்துக்கடையில் கிடைக்கும் வைட்டமின் சி மாத்திரை ஒன்று போதும். கறையின் மேல் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அந்த வட்டம் மட்டும் வெளுத்தால் அது இரும்பு போன்ற உலோகக் கறை. வைட்டமின் சி-க்கு அசையாமல், குளோரின் மாத்திரை பட்ட இடத்தில் மட்டும் வெளுத்தால் இலையும் பாசியும் விட்டுப்போன கறை. (குளோரின் மாத்திரையைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். அதைத் தரையில் அதிக நேரம் வைக்கவும் கூடாது. ஒரே இடத்தில் கிடந்தால் அது அமிலமாக வேலைசெய்து பூச்சில் வட்டமாகக் குழி பறித்துவிடும்.) இரண்டு கறைக்கும் மருந்து இருக்கிறது. மறுபூச்சு தேவையில்லை.

சொரசொரப்பிலும் இரண்டு வகை. தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து மிஞ்சி மேலே படிந்தாலும் சொரசொரக்கும். தண்ணீர் அமிலமாகிப் பூச்சிலிருக்கும் சுண்ணாம்பைக் கரைத்துவிட்டாலும் சொரசொரக்கும். தண்ணீரில் நனையக்கூடிய உப்புத்தாளை எடுத்து உள்ளங்கை அளவு இடத்தைத் தேய்த்துப் பாருங்கள். படிவு என்றால் சீக்கிரமே வழவழப்பாகி, அடியில் நல்ல பூச்சு தெரியும். அரிப்பு என்றால் தேய்க்கத் தேய்க்க மணல் மணலாக உதிரும். முதலாவதற்கு ஆசிட் கழுவல் போதும். ஆனால் ஒன்று: ஆசிட் கழுவல் அழுக்கை மட்டும் எடுப்பதில்லை, பூச்சின் மேல்தோலையும் சேர்த்துத்தான் எடுக்கிறது. மொத்தப் பூச்சே 10 முதல் 12 மில்லிமீட்டர்தான். இரண்டு மூன்று தடவைக்கு மேல் அது தாங்காது.

மறுபூச்சைத் தள்ளிப்போடக் கூடாத அறிகுறிகள் வேறு. தட்டினால் கெட்டிச் சத்தம் வராமல் பானையைத் தட்டுவதுபோல் ஒலிக்கும் இடங்கள். பூச்சு பொருமி, அடியிலிருக்கும் கான்கிரீட்டைவிட்டுப் பிரிந்துவிட்டது என்று அர்த்தம். வெள்ளைக்கு நடுவே சாம்பல் நிறமாக எட்டிப்பார்க்கும் கான்கிரீட். காசு அளவில் தொடங்கி மாதாமாதம் பெரிதாகும் துருப்புள்ளி. நாளெல்லாம் குளோரின் போட்டும் அடங்காத பாசி. பள்ளம் பள்ளமான தரையில் அது வேர்விட்டதுபோல் உட்கார்ந்துகொள்ளும், பிரஷ் அங்கே எட்டாது.

விரிசலைக் கண்டால் எல்லோரும் பதறுவார்கள். சிலந்திவலை மாதிரி பரவிய முடி விரிசல்கள் பெரும்பாலும் பூச்சு காயும்போது சுருங்கியதால் வந்தவை, தண்ணீர் ஒழுகாது. தரையில் ஆரம்பித்துச் சுவரில் ஏறும் ஒற்றை விரிசல்தான் வில்லங்கம். அதன் இரண்டு முனையிலும் கோடு போட்டுத் தேதியை எழுதி வையுங்கள். மூன்று மாதத்தில் கோட்டைத் தாண்டியிருந்தால் தொட்டியே அசைகிறது. அதன் மேல் எந்தப் பூச்சைப் பூசினாலும் விரிசல் அதே இடத்தில் திரும்ப எட்டிப்பார்க்கும். முதலில் கட்டுமானப் பொறியாளர், அப்புறம்தான் கொத்தனார்.

ஒழுகுகிறதா என்று பார்க்க வாளி ஒன்று போதும். குளத்துப் படிக்கட்டில் வாளியை வைத்து, வெளியே குளத்து நீர் எந்த உயரத்தில் நிற்கிறதோ அதே உயரத்துக்கு உள்ளேயும் குளத்து நீரை ஊற்றி, இரண்டு மட்டத்தையும் குறித்து 24 மணி நேரம் விடுங்கள். ஆவியாவது இரண்டுக்கும் பொது. குளத்தில் மட்டும் கூடுதலாக இறங்கியிருந்தால் அது கசிவு. 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலக் குளத்தில் 3 மில்லிமீட்டர் கூடுதல் இறக்கம் என்றால் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 96 லிட்டர். ஆனால் கசிவு பூச்சில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. விளக்கு மாடம், மிதக்கும் குப்பையை உள்ளிழுக்கும் ஸ்கிம்மர் வாய், குழாய் இணைப்பு, எங்கும் இருக்கலாம். பம்ப்பை நிறுத்திவிட்டு, தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டில் இருக்கும் சிவப்புத் துளிமருந்தைச் சந்தேகப்படும் இடத்தருகே மெல்ல விடுங்கள். நூல் இழுத்ததுபோல் சாயம் உள்ளே போனால் அங்கேதான் ஓட்டை. குழாயில் இருக்கும் ஓட்டைக்குத் தரை முழுக்கப் பூசுவதில் ஒரு பயனும் இல்லை.

எப்போது காலி செய்வது?

மறுபூச்சில் நிஜமாகவே ஆபத்தான கட்டம் ஒன்று உண்டென்றால் அது குளத்தைக் காலி செய்வது. பலருக்கு இது தெரிவதில்லை. நிரம்பிய குளத்தைத் தண்ணீரின் எடைதான் மண்ணுக்குள் அழுத்தி வைத்திருக்கிறது. தண்ணீரை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது ஒரு கான்கிரீட் படகு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: அதே 8 × 4 மீட்டர் குளம், சராசரி ஆழம் 1.4 மீட்டர். உள்பரப்பு ஏறக்குறைய 66 சதுர மீட்டர். தொட்டி 20 செ.மீ. தடிமன் என்றால் காலித் தொட்டியின் எடை சுமார் 31 டன். நிலத்தடி நீர் தொட்டியின் அடிமட்டத்துக்கு மேல் 1 மீட்டர் ஏறி நின்றால், அது மேல்நோக்கித் தள்ளும் விசை 32 டன்னுக்குக் குறையாது. தொட்டி எழும்பும், அல்லது தரை பிளக்கும். பைபர் கிளாஸ் தொட்டி என்றால் எடை இன்னும் குறைவு, இன்னும் சீக்கிரம் கிளம்பும்.

அதனால் மழைக்காலத்துக்குப் பின்னால் உடனே காலி செய்யாதீர்கள். நிலத்தடி நீர் நன்றாக இறங்கியிருக்கும் மாதத்தைப் பாருங்கள். அடிவடிகால் பக்கம், கீழேயிருந்து தள்ளும் நிலத்தடி நீரை உள்ளே விட்டு அழுத்தத்தைக் குறைக்கும் நீரழுத்த வால்வு இருக்கிறதா, அது வேலை செய்கிறதா என்று ஆளைக் கேளுங்கள். கேள்வியே புரியாமல் விழித்தால் வேறு ஆளைத் தேடலாம்.

அடுத்தது வானிலை. சிமெண்ட் பூச்சுக்குக் கடும் வெயிலும் உலர்காற்றும் ஆகாது. மேல்பாகம் முந்திக் காய்ந்து சுருங்கி விரிசல் விடும். கரணையால் இழைக்கும்போது மேற்பரப்பு இழுக்கிறதே என்று ஆட்கள் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து மெழுகுவார்கள். அந்த நேரம் சுகமாக இழுபடும், ஆனால் அந்தத் திட்டுகள் பலம் குறைந்து பிற்பாடு மேகம் மேகமாக வெளுக்கும். மழை, உறைபனி இரண்டும் அதே அளவு கெடுதல். மிதமான வெயில், காற்று குறைந்த நாட்கள் என்று ஒரு வாரம் கிடைக்கும் பருவம் நல்லது. நீச்சல் பருவம் தொடங்கும் முன்பு எல்லோரும் ஒரே சமயத்தில் கூப்பிடுவதால் வேலை அவசரகதியில் நடக்கும். பருவம் முடிந்த கையோடு பேசி வைத்தால் நல்ல ஆட்கள் கிடைப்பார்கள்.

காலி செய்ததுதான் செய்தோம் என்று மற்ற வேலைகளையும் அப்போதே முடித்துவிடுங்கள். 45,000 லிட்டர் தண்ணீரை வருஷத்துக்கு ஒருமுறை யாரும் மாற்றப்போவதில்லை. நீர்மட்ட டைல்ஸ் வரிசை, விளக்கு, குழாய் அழுத்தச் சோதனை எல்லாம் இந்தச் சமயத்தில்தான். அடிவடிகால் மூடி பழசென்றால் முடி, கை கால் உறிஞ்சிப் பிடிக்காத வகை மூடியாக மாற்றுவதைத் தள்ளிப்போடவே வேண்டாம்.

பெயிண்ட்டும் நானும்

பெயிண்ட்டில் மூன்று வகை: அக்ரிலிக், குளோரினேட்டட் ரப்பர், எபாக்ஸி. முதலாவது ஓரிரு வருஷம், இரண்டாவது மூன்று நான்கு வருஷம், எபாக்ஸி நன்றாக அடித்தால் ஐந்து முதல் ஏழு. கேட்க மலிவு. எங்கள் குளத்தில் இரண்டாவது கோடையிலேயே மாவு உதிர ஆரம்பித்தது. பிள்ளைகளின் நீச்சலுடையில் நீலப் பொடி ஒட்டும், சுவரில் சாய்ந்தால் முதுகு நீலம். அடித்தவரைக் கேட்டதற்கு, மேலே இன்னொரு கோட் அடித்தால் சரியாகும் என்றார்.

தொல்லை அதோடு நிற்கவில்லை. பிறகு சிமெண்ட் பூச்சுக்கு மாறலாம் என்று முடிவெடுத்தபோது கொத்தனார் கையை விரித்துவிட்டார். பெயிண்ட் இருக்கும் பரப்பில் பூச்சு பிடிக்காது, சுரண்டியோ உயர் அழுத்த நீரால் அடித்தோ மொத்தமும் எடுத்தாக வேண்டும். பெயிண்ட்டில் மிச்சம் பிடித்ததைவிட அதை எடுக்கும் கூலி அதிகமாயிற்று. பெயிண்ட் மேல் பெயிண்ட் என்றாலும் அதே வகைதான் போக வேண்டும். ரப்பர் பெயிண்ட் மேல் எபாக்ஸி அடித்தால் உரிந்து வரும். ஆக, ஒருமுறை அடித்தால் பெயிண்ட் வழியிலேயே போக வேண்டிவரும். இரண்டு மூன்று வருஷத்தில் குளத்தை மூடிவிடப் போகிறீர்கள், அல்லது ஏற்கெனவே பெயிண்ட் அடித்த குளம் என்றால் சரி. மற்றபடி என் ஓட்டு இதற்கு இல்லை.

சிமெண்ட் வகைகள்: வெள்ளை, குவார்ட்ஸ், கூழாங்கல்

வெள்ளைச் சிமெண்ட்டும் பளிங்குத் தூளும் கலந்த பூச்சுதான் பழைய வழக்கம். காலுக்கு இதமாக, வெண்ணெய் மாதிரி வழவழப்பாக இருக்கும். தண்ணீருக்கு அந்த வெளிர்நீலம் இதில்தான் அழகாக வரும். ஏழு முதல் பத்து வருஷம் தாங்கும். தண்ணீரைக் கவனிக்காத வீட்டில் ஐந்தே வருஷத்தில் கதை முடியும். காரணம் எளிது: சிமெண்ட்டும் சுண்ணாம்பு, பளிங்கும் சுண்ணாம்பு. அமிலத் தண்ணீர் இரண்டையும் சேர்த்துத் தின்னும்.

பளிங்குத் தூளுக்குப் பதில் குவார்ட்ஸ் என்ற படிகக்கல் மணல் போட்டால் அமிலம் அதைத் தொடாது. பத்து முதல் பதினைந்து வருஷம் சொல்லலாம். கால் வைக்கக் கொஞ்சம் பிடிமானம் கூடும், ஆனால் உறுத்தாது. நிறங்களும் கிடைக்கும். இப்போது என் குளத்தில் இருப்பது இதுதான். பொதுவான வீட்டுக் குளத்துக்கு யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வேன்.

கூழாங்கல் பூச்சில் சிமெண்ட்டை மேலிருந்து கழுவி எடுத்துக் கல்லை வெளியே தெரியவிடுவார்கள். பதினைந்து, இருபது வருஷம் போகும். கறையும் திட்டும் கல்லின் பல நிறத்தில் ஒளிந்துகொள்ளும். குறை என்னவென்றால் கால். மணிக்கணக்கில் குளத்தில் நின்று விளையாடும் குழந்தைகள் இருக்கும் வீட்டில் கரடான கல் வேண்டாம். பொடிக்கல் வகையைக் கேளுங்கள், படிக்கட்டில் மாதிரி வைத்து வெறுங்காலோடு ஏறிப் பாருங்கள். இதிலும் கல்லைப் பிடித்து வைத்திருப்பது சிமெண்ட்தான் என்பதை மறக்க வேண்டாம். தண்ணீர் கெட்டால் சிமெண்ட் கரைந்து கற்கள் துருத்தி நிற்கும், அப்புறம் ஒவ்வொன்றாக உதிரும். விலை கூடிய பூச்சு என்பதால் தண்ணீரைக் கவனிக்காமல் விடலாம் என்றில்லை.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. கருநிறத் தரை புகைப்படத்தில் ஏரி மாதிரி அழகாக இருக்கும். ஆனால் அடியில் ஒரு குழந்தை மூழ்கிக் கிடந்தாலும் மேலேயிருந்து சட்டென்று தெரியாது. சுண்ணாம்புப் படிவும் கருப்பில்தான் பளிச்சென்று வெள்ளைத் திட்டாக நிற்கும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் வெளிர்நிறத்தைத் தாண்டி யோசிக்க மாட்டேன்.

டைல்ஸ், ஷீட், பைபர் கிளாஸ்

தொட்டி அசையாமல் இருந்து, நல்ல கையும் கிடைத்தால் மொசைக் டைல்ஸுக்கு ஈடு எதுவுமில்லை. இருபது வருஷத்துக்கு மேல் கவலையில்லாமல் போகும், துடைத்தால் சுத்தம். செலவு முதல் வரிசை, வேலையும் வாரக்கணக்கு. நீரை உறிஞ்சாத போர்சிலின் அல்லது கண்ணாடி டைல்ஸ் வேண்டும், அடியில் வாட்டர்புரூஃபிங், மூட்டுகளை அடைக்கக் குளத்து வேதிப்பொருட்களைத் தாங்கும் எபாக்ஸி கிரவுட். டைல்ஸுக்கு ஒரு நூறு வருஷ ஆயுள் இருந்தாலும் கிரவுட் போனால் போனதுதான். விரிசல் நகரும் தொட்டியில் இதைச் செய்தால் பணம் தண்ணீரோடு போகும்.

அப்படிப்பட்ட தொட்டிக்குத்தான் பிவிசி ஷீட். 1.5 மில்லிமீட்டர் தடிமன் வலுவூட்டிய ஷீட்டை, அடியில் ஃபெல்ட் துணி விரித்து, அந்த இடத்திலேயே சூடாக்கி ஒட்டி இணைப்பார்கள். பூச்சுகளைப்போல் தரையைப் பிடித்திருக்க வேண்டிய அவசியம் இதற்கு இல்லை. தனி உறை மாதிரி நிற்பதால் சின்னச் சின்ன அசைவைத் தாங்கும். பழைய டைல்ஸ் மேலேயும் போகும், கொத்த வேண்டாம். பத்து முதல் பதினைந்து வருஷம். பிளாஸ்டிக் போலத் தெரியும் என்பார்கள், அது உண்மைதான். கூர்மையான பொருள் பட்டால் கிழியும். ஆனாலும் கசிந்துகொண்டே இருக்கும் பழைய குளத்துக்கு இதை யாரும் முதலில் சொல்வதில்லையே என்று எனக்கு ஆச்சரியம்.

கான்கிரீட் மேல் பைபர் கிளாஸ் பூசுவதும் உண்டு. அடிப்பரப்பு முழுக்கக் காய்ந்திருந்தால் நன்றாக வரும், ஈரம் இருந்தால் கொப்புளம் போட்டுப் பிரிந்துவிடும். அந்த ஈரம் இல்லையென்று உறுதி செய்வது லேசல்ல.

தண்ணீரின் கணக்கு

எந்தச் சிமெண்ட் பூச்சின் ஆயுளையும் கடைசியில் தீர்மானிப்பது தண்ணீர். லாங்கலியர் என்ற அமெரிக்கர் 1936-ல் குடிநீர்க் குழாய்களுக்காகக் கண்டுபிடித்த ஒரு குறியீட்டைத்தான் குளக்காரர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். pH (அமிலமா காரமா என்ற அளவு), காரத்தன்மை (அமிலத்தைத் தாங்கும் திறன்), கால்சியம் கடினத்தன்மை (தண்ணீரிலிருக்கும் சுண்ணாம்புச் சத்து), வெப்பம், கரைந்த உப்பு எல்லாம் சேர்ந்த ஒரே எண். பூஜ்யத்துக்குப் பக்கத்தில், மேலேயோ கீழேயோ 0.3-க்குள் இருந்தால் தண்ணீருக்குத் திருப்தி. அதற்குக் கீழே போனால் சுண்ணாம்புப் பசியோடு உங்கள் சுவரைத் தின்னும், மேலே போனால் தன்னிடம் இருப்பதைச் சுவரில் கக்கும். நடைமுறையில் pH 7.2 முதல் 7.8, காரத்தன்மை லிட்டருக்கு 80 முதல் 120 மில்லிகிராம், கால்சியம் 200 முதல் 400 மில்லிகிராம் என்ற அளவுக்குள் வைத்தால் பெரும்பாலும் சரியாக வரும். மழைநீர் நிறையச் சேரும் குளத்தில் கால்சியம் குறைந்துகொண்டே வரும். அங்கேதான் அரிப்பு சத்தமில்லாமல் நடக்கும். வாரம் ஒருமுறை டெஸ்ட் கிட்டைத் தொட முடியாது என்றால் கூழாங்கல்லுக்குச் செலவழிப்பதில் அர்த்தமில்லை; டைல்ஸோ ஷீட்டோதான் உங்களுக்கு ஒத்துவரும். அளவுகளை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பிறகு கேரண்டி கேட்டுப் போனால் முதலில் வரும் பதில் "தண்ணீர் சரியில்லை" என்பதுதான். அப்போது அந்த நோட்டுதான் பேசும்.

கொட்டேஷனில் கேட்க வேண்டியவை அதிகமில்லை. பழைய பூச்சைக் கொத்தி எடுக்கிறார்களா, மேலேயே பூசுகிறார்களா? கெட்டியாக இருக்கும் ஒரு அடுக்கு மேல் இன்னொன்று பூசலாம். பொருமிய இடத்தின் மேலோ மூன்றாவது அடுக்காகவோ வேண்டாம். தடிமன் எவ்வளவு? சீக்கிரம் இறுக கால்சியம் குளோரைடு கலப்பார்களா? சிமெண்ட் எடையில் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முழுத் தொட்டியையும் ஒரே நாளில், ஒட்டு விழாமல் முடிக்க எத்தனை ஆள் வருவார்கள்?

தண்ணீர் விடும் விஷயத்தில் பெயிண்ட்டும் பூச்சும் நேர் எதிர். பெயிண்ட்டுக்கு ஈரம் எமன். எபாக்ஸி என்றால் ஒரு வாரமாவது காயவிட வேண்டும். சிமெண்ட் பூச்சுக்கு வறட்சிதான் எமன். இழைத்து முடித்து இறுகியதும் தாமதமில்லாமல் நிரப்ப ஆரம்பிக்க வேண்டும். ஆரம்பித்தால் நடுவில் நிறுத்தக் கூடாது, நிறுத்திய மட்டத்தில் வளையமாகக் கோடு விழுந்து அழியாது. மணிக்கு 1,500 லிட்டர் வரும் குழாய் என்றால் 45,000 லிட்டருக்கு 30 மணி நேரம். குழாய் முனையில் துணி கட்டி ஆழமான இடத்தில் படுக்க வைத்துவிட்டு, இராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தேன். முழங்கால் ஆழம்தான் ஏறியிருந்தது. அடுத்த நாளும் அதே காவல்.

தண்ணீர் டைல்ஸ் வரிசையின் பாதிக்கு வந்ததும் ஃபில்டரை ஓட்டி, பிரஷ்ஷை எடுத்தேன். சுவரைத் தேய்த்தால் வெள்ளைப் புகை மாதிரி மாவு கிளம்பும். புதுப் பூச்சிலிருந்து வெளியேறும் சுண்ணாம்பு அது, முதல் இரண்டு வாரம் தினம் இரண்டு வேளை தேய்க்க வேண்டும். அதே சுண்ணாம்பால் pH-ம் ஏறிக்கொண்டே போகும். ஆசிட்டைத் தினம் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு இறக்கினோம். உப்பிலிருந்தே குளோரின் தயாரிக்கும் உப்புநீர் முறை வைத்திருப்பவர்கள் 28 நாள் உப்பைத் தொடக் கூடாது, சக்கரம் வைத்த கிளீனரையும் அதுவரை இறக்கக் கூடாது. பையனுக்கு அந்த மாதம் பிரஷ் வேலைதான்.